படத்தின் பின்பக்கம்: கேமரா கிளப் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள கேமரா கிளப் நண்பர்களுக்கு,

புகைப்படக் கழகம், கேமரா கிளப், போட்டோகிராபிக் சொசைட்டி என்று ஊருக்கு ஒரு பெயரில் கூடி, ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிற உங்களுக்கு இதை எழுதுகிறேன். நான் உங்களில் ஒருவன் இல்லை. உள்ளூர் வரலாறு எழுதுகிறவன். அந்த வேலைக்குப் பழைய படங்கள் வேண்டியிருப்பதால் உங்கள் வாசலுக்கு அடிக்கடி வந்து நிற்பவன். அப்படி வந்துபோனதில் மனதில் சேர்ந்துவிட்ட ஒரு குறையை, வேறு யாரிடமோ புலம்புவதைவிட உங்களிடமே நேராகச் சொல்லிவிடுவது மரியாதை என்று தோன்றியது.

உங்கள் படங்களின் தரத்தில் குறையே இல்லை. இன்று நம் ஊரில் ஒரு வங்கி ஊழியரும், பல் மருத்துவரும், கல்லூரி மாணவியும் எடுக்கிற படங்களை எந்த நாட்டுக் கண்காட்சியிலும் தைரியமாக மாட்டலாம். என் குறை வேறு. உங்கள் கண்காட்சி ஒன்றில் ஒரு படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றேன். ஏதோ ஒரு வாரச்சந்தை. தார்ப்பாயின் கிழிசல் வழியே இறங்கும் வெயில், மிளகாய்க் குவியலுக்கு மேலே மிதக்கும் தூசி, கையில் எடைக்கல்லோடு ஒரு பாட்டி. தலைப்பு ‘உழைப்பு’. எடுத்தவர் பக்கத்திலேயே நின்றிருந்தார். எந்த ஊர்ச் சந்தை என்று கேட்டேன். “திருவண்ணாமலை போற வழியில ஏதோ ஒரு ஊர் சார்” என்றார். எந்த வருஷம் என்றதற்கு யோசித்தார். பாட்டியின் பெயரைக் கேட்டதும் சிரித்துவிட்டார். என்ன லென்ஸ், அபர்ச்சர் எவ்வளவு என்பதை மட்டும் கேட்காமலே சொன்னார்.

எடைக்கல் வைத்து நிறுக்கிற சந்தை இன்னும் எத்தனை நாளைக்கு? அந்த இடத்தில் நாளை ஒரு வணிக வளாகம் எழும்பினால், முன்பு அங்கே என்ன இருந்தது என்று அந்தப் படம் யாருக்கும் சாட்சி சொல்லாது. தான் எந்த ஊர்ப் படம் என்பதே அதற்குத் தெரியாது.

“நாங்கள் கலைக்காக எடுக்கிறோம், ஆவணத்துக்காக இல்லை” என்று நீங்கள் சொல்வீர்கள். பல முறை சொல்லியும் இருக்கிறீர்கள். அதற்குப் பதில் சொல்வதற்கு முன், உங்கள் கழகங்கள் எதற்காகப் பிறந்தன என்பதைக் கொஞ்சம் நினைத்துப்பார்க்கச் சொல்கிறேன். லண்டனில் புகைப்படச் சங்கம் தொடங்கியது 1853-ல். அடுத்த ஆண்டே பம்பாயில் ஒன்று, 1856-ல் கல்கத்தாவில் ஒன்று, அதை ஒட்டியே மதராசிலும் ஒன்று. இன்றைய சென்னைக் கழகம் 1857-ஐத் தன் தொடக்க ஆண்டாகச் சொல்லிக்கொள்கிறது. மதராஸ் சங்கத்துக்கு முன்னின்றவர் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர். 1850-ல் அவர் தொடங்கிய கலைப்பள்ளிதான் இன்றைக்கு எழும்பூரில் இருக்கும் அரசு கவின்கலைக் கல்லூரி. கேமரா கண்டுபிடித்த சூடு ஆறுவதற்குள் இத்தனை சங்கங்கள் ஏன் முளைத்தன? கோப்பை வாங்கவா?

தனியாக ஒருவரால் முடியாத வேலையாக அது இருந்தது, அதனால்தான். கண்ணாடித் தகட்டில் கொலோடியன் ஊற்றி, இருட்டில் சில்வர் நைட்ரேட் கரைசலில் முக்கி, ஈரம் காய்வதற்குள் கேமராவில் போட்டுப் படம் எடுத்து, அந்த ஈரத்தோடேயே கொண்டுபோய்க் கழுவியும் முடிக்க வேண்டும். லண்டன் குளிரில் அதற்குச் சில நிமிடங்களாவது கிடைக்கும். மதராஸ் வெயிலில் அதுவும் கிடைக்காது. சீமையிலிருந்து வந்த புத்தகத்தின் அளவுகள் இங்கே பலிக்கவில்லை. எந்த மருந்தை எவ்வளவு குறைப்பது, தண்ணீரை எப்படிக் குளிர வைப்பது, எந்தக் காகிதம் இந்தப் புழுக்கத்தைத் தாங்கும் என்று ஒருவர் பட்ட பாட்டை இன்னொருவருக்குச் சொல்வதற்காகத்தான் கூட்டம் போட்டார்கள். ஒருவர் தோற்றால் பத்துப் பேர் கற்றுக்கொண்டார்கள். இதுதான் உங்கள் பூர்வீகம்.

அந்தக் காலத்தில் இங்கே கேமரா தூக்கியவர்களில் லின்னேயஸ் டிரைப்பைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். மதராஸ் ராணுவத்தில் அதிகாரி. 1854-ல் ஹளேபீடு, பேலூர்க் கோயில்களை அமெச்சூராகத்தான் படமெடுத்தார். அந்தப் படங்கள் மறு ஆண்டு மதராஸ் கண்காட்சியில் பேசப்பட்ட பிறகே, 1856-ல் அரசு அவரை மாகாணப் புகைப்படக்காரராக நியமித்தது. 1858-ல் ஸ்ரீரங்கம், புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் என்று மாட்டுவண்டி வேகத்தில் போனார். கண்ணாடித் தகடு இந்த வெயிலுக்கு ஒத்துவராது என்று மெழுகூட்டிய காகித நெகட்டிவ்களைக் கொண்டுபோனார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டை அவர் எடுத்ததைப் பாருங்கள். ஒரே சட்டத்துக்குள் அடங்காது என்று தெரிந்ததும் கேமராவைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி நகர்த்தி எடுத்து, 21 பிரிண்டுகளை ஒட்டி ஒரே நீளப் படமாக்கினார். நம் வழக்கில் சொன்னால் அந்தப் படத்தில் ‘பஞ்ச்’ எதுவும் இல்லை. எந்தச் சலோன் போட்டி நடுவரும் அதற்கு மதிப்பெண் போடமாட்டார். அதைப்போலவே, திருமலை நாயக்கர் மகால் புதுப்பிக்கப்படுவதற்கு முன் எவ்வளவு இடிந்து கிடந்தது என்பதையும் அவர் படங்களில் பார்க்கலாம். எந்த ஊர், எந்தக் கட்டடம், எந்தப் பக்கம் என்று அந்தப் படங்கள் பெயரோடு வெளிவந்ததால்தான் இன்றைக்கும் அவை பயன்படுகின்றன. 1859-ல் கவர்னராக வந்த டிரெவெல்யன், இது வீண்செலவு என்று அந்த வேலையை நிறுத்திவிட்டார். அரசாங்கம் எப்போதும் அப்படித்தான். அரசாங்கம் கைவிடுகிற இடத்தில்தான் கழகங்களுக்கு வேலை இருக்கிறது.

பழைய சங்கங்களைத் தூக்கிவைத்துப் பேசுவதாக நினைக்க வேண்டாம். அவை வெள்ளைக்காரத் துரைகளின் பொழுதுபோக்கு இடமாகவும் இருந்தன. கல்கத்தாச் சங்கத்தில் பொறுப்பில் இருந்த ராஜேந்திரலால் மித்ரா, அவுரித் தோட்ட முதலாளிகளைக் கண்டித்துப் பேசினார் என்பதற்காக 1857-ல் வெளியேற்றப்பட்டார். புகைப்படத்துக்கும் அவுரிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். யாரை உள்ளே விடுவது, யாரை வெளியே தள்ளுவது என்ற கணக்கு எந்தக் கிளப்பிலும் முதல் நாளிலிருந்தே உண்டு. உங்கள் கிளப்பில் அது இல்லை என்று சொல்ல வருகிறீர்களா? இரண்டு லட்ச ரூபாய்க் கேமராவோடு வருபவருக்குக் கிடைக்கிற நாற்காலி, செல்போனோடு வருகிற பையனுக்கும் கிடைக்கிறதா என்று ஒரு கூட்டத்திலாவது கவனித்துப்பாருங்கள்.

உலர்ந்த தகடு வந்தது. 1888-ல் கோடக் வந்தது. மருந்து கலக்கத் தெரியாதவரும் படம் எடுக்கலாம் என்றானது. சங்கங்கள் செத்துப்போயிருக்க வேண்டும். மாறாக, ஊருக்கு ஊர் பெருகின. அப்போதுதான் அவற்றின் பாதை இரண்டாகப் பிரிந்தது. புகைப்படமும் கலைதான் என்று நிலைநாட்டக் கிளம்பியவர்கள் ஒரு பக்கம். 1892-ல் லண்டனில் லிங்க்ட் ரிங் குழு, 1902-ல் நியூயார்க்கில் ஸ்டீக்லிட்ஸ் என்ற புகைப்படக்காரர் தொடங்கிய போட்டோ-செசெஷன். அவர்கள் போட்ட சண்டை நியாயமானது, தேவையானது, ஜெயித்ததும்கூட. இன்றைக்கு உலகத்தின் பெரிய அருங்காட்சியகங்கள் புகைப்படத்துக்குத் தனிப் பிரிவே வைத்திருக்கின்றன. ஜெயித்து முடிந்த சண்டையைத்தான் நீங்கள் இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்பது என் தாழ்மையான கருத்து.

மற்றப் பாதை உங்களில் பலருக்குத் தெரியாது. இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரத்தில் ஜெரோம் ஹாரிசன் என்ற அறிவியல் ஆசிரியர், 1889-ல் தன் புகைப்படச் சங்கத்தில் எழுந்து ஒரு யோசனை சொன்னார். நாம் எல்லோரும் அவரவர் இஷ்டத்துக்குத் திரிவதை விட்டுவிட்டு, நம் வார்விக்‌ஷயர் மாவட்டத்தைப் பங்குபோட்டுக்கொண்டு ஊர் ஊராகப் படமெடுத்துப் பொது நூலகத்தில் சேர்த்தால் என்ன? செய்தார்கள். பெஞ்சமின் ஸ்டோன் என்ற பாராளுமன்ற உறுப்பினர் 1897-ல் அதையே தேசிய அளவில் ஒரு சங்கமாக்கினார். சேர்ந்த படங்கள் பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போயின. சீக்கிரம் மங்கிப்போகாத முறையில் பிரிண்ட் போட வேண்டும், இன்ன இடம், இன்ன தேதி, எடுத்தவர் இன்னார் என்று அட்டையில் எழுதித்தான் தர வேண்டும் என்பது அவர்கள் வைத்த சட்டம். பிறகு கிராய்டன் பகுதிக்காரர்கள் மூவர், அதில் ஜாஸ்ட் என்ற நூலகரும் ஒருவர், இந்த வேலையை எப்படிச் செய்வது என்று 1916-ல் ஒரு கையேடே எழுதினார்கள். கேமராவை வரலாற்றாசிரியர் என்று அழைக்கிறது அதன் தலைப்பு. இவர்களெல்லாம் உங்களைப் போல லீவு நாளில் மட்டும் கேமரா தூக்கியவர்கள். குறையும் உண்டு: பழைய தேவாலயங்கள்மேல் இருந்த காதல் அவர்களுக்குத் தொழிலாளர் குடியிருப்புகள்மேல் இருக்கவில்லை. அந்தக் குறையை நாம் திருத்திக்கொள்ளலாமே.

இந்தியாவுக்கு வருவோம். இந்தியப் புகைப்படக் கூட்டமைப்பு 1953-ல் உருவானது. அதற்கு மூன்று வருஷம் முன்பு தொடங்கிய உலகக் கூட்டமைப்போடு அது இணைந்தது. பெயருக்குப் பின்னால் நீங்கள் போட்டுக்கொள்ளும் ஏஃபியாப், ஈஃபியாப் பட்டங்கள் அந்த வழியில் வந்தவைதான். கூட்டமைப்பை நிறுவிய பெங்களூர் டாக்டர் ஜி. தாமஸ் தொழிலால் மருத்துவர். சங்கங்களைக் கட்டி எழுப்பிய அவர்தான் இந்தியப் புகைப்பட வரலாற்றைத் தேடித் தொகுத்து, 1840 முதல் 1980 வரையான காலத்துக்கு ஒரு நூலும் எழுதினார். பட்டத்துக்கும் பதிவுக்கும் அவருக்குப் பகை இருக்கவில்லை. அவர் விட்டுப்போனதில் பட்டத்தை நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள், பதிவை விட்டுவிட்டீர்கள்.

பழைய சலோன் பிரிண்ட் ஒன்றைத் திருப்பிப்பார்த்திருக்கிறீர்களா? புது உறுப்பினர்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை. கனத்த அட்டையில் ஒட்டிய கறுப்பு-வெள்ளைப் பிரிண்ட். பின்பக்கம் முழுக்க வண்ண வண்ண லேபிள்கள். ஒவ்வொரு நாட்டுப் போட்டியிலும் அக்செப்டன்ஸ் ஆகித் திரும்பும்போது ஒட்டி அனுப்பிய சீட்டுகள். அட்டை எத்தனை கடல் தாண்டிப் போய்வந்தது என்று அதைப் பார்த்தே சொல்லிவிடலாம். மூலையில் எடுத்தவர் பெயர், முகவரி, ஆங்கிலத்தில் ஒரு கவித்துவத் தலைப்பு. படத்தில் ஏர் ஓட்டும் மனிதர் யார், எந்த ஊர் வயல், எந்த ஆண்டு? ஒரு சொல்கூட இருக்காது. உலகமெல்லாம் சுற்றிய அந்த அட்டைக்குச் சொந்த ஊர் கிடையாது.

அந்த அட்டைகளின் கதி என்ன ஆகிறது என்பதும் உங்களுக்குத் தெரியும். மூத்த உறுப்பினர் ஒருவர் மறைகிறார். நினைவுக்கூட்டம் போடுகிறீர்கள், பத்துப் படங்களைத் திரையில் காட்டுகிறீர்கள், கலைகிறீர்கள். வீட்டு ஸ்டீல் பீரோவில் நெகட்டிவ்கள் அப்படியே இருக்கின்றன. நான் அப்படி ஒரு பீரோ திறக்கப்பட்டபோது கூட இருந்தேன். திறந்ததும் முகத்தில் அடித்தது வினிகர் நெடி. அசிட்டேட் ஃபிலிம் சிதையத் தொடங்கினால் அந்த வாடைதான் முதல் அறிகுறி. ஆறு ஆறாக வெட்டி உறைகளில் போட்ட 35 எம்.எம். துண்டுகள் சுருண்டு, ஒன்றோடொன்று ஒட்டி, வெளிச்சத்தில் பிடித்தால் பூஞ்சை வலைபோலப் படர்ந்திருந்தது. பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பழைய எக்ஸ்ரே, நெகட்டிவ்களை வெள்ளி எடுப்பதற்காக எடைக்கு வாங்குபவர்கள் இருக்கிறார்கள், காசு கொடுக்கிறார்கள். கழகத்திலிருந்து யாரும் போய்க் கேட்கவில்லை. முப்பது வருஷம் ஒரே மேஜையில் காபி குடித்தவர்கள் யாருக்கும் அது தோன்றவில்லை.

கொழும்பில் 1930-களில் இலங்கைப் புகைப்படக் கழகத்தை முன்னின்று நடத்தியவர் லயனல் வெண்ட். பியானோ கலைஞர், தெற்காசியாவின் மகத்தான புகைப்படக்காரர்களில் ஒருவர். 1944-ல் அவர் இறந்த பிறகு அவருடைய நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டன. நமக்கு மிச்சம் இருப்பது அவர் போட்ட பிரிண்டுகள்தான். இதற்கு நேர்மாறான கதை நியூயார்க்கில் நடந்தது. குழந்தைத் தொழிலாளர்களைப் படமெடுத்து அமெரிக்காவின் மனசாட்சியை உலுக்கிய லூயிஸ் ஹைன் 1940-ல் வறுமையில் இறந்தார். அவருடைய பிரிண்டுகளையும் நெகட்டிவ்களையும் மகன் ஒப்படைத்தது எந்த அருங்காட்சியகத்திடமும் இல்லை. போட்டோ லீக் என்ற அமெச்சூர்களும் தொழில்முறையாளர்களும் கலந்த ஒரு சங்கத்திடம். வாடகைக்கே திண்டாடிய சங்கம் அது. 1947-ல் அரசு அதைக் கறுப்புப் பட்டியலில் சேர்த்தது, 1951-ல் இழுத்து மூடினார்கள். மூடிய பிறகு ஹைனின் தொகுப்பு ரோச்செஸ்டரில் உள்ள ஈஸ்ட்மன் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. சங்கம் போனது, படங்கள் தங்கின. ஒரு கழகம் இருந்ததற்கு இதைவிட வேறு என்ன அர்த்தம் வேண்டும்?

இப்போது உங்கள் கலை வாதத்துக்கு வருகிறேன். அழகான படமும் ஊர் பெயர் தெரிந்த படமும் எதிரெதிர் என்று யார் சொன்னது? குறிப்பு எழுதுவதால் வெளிச்சம் குறைந்துவிடாது. குறிப்பு எவ்வளவு பலம் கொண்டது என்பதற்கு ஓர் உதாரணம் போதும். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடுபோன நடராஜர், 2008-ல் ஏறக்குறைய 50 லட்சம் டாலருக்கு ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடத்துக்கு விற்கப்பட்டார். அந்தச் சிலை நம்முடையது என்று நிரூபிக்க உதவியது, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார் திருட்டுக்குப் பல ஆண்டுகள் முன்பே அந்தக் கோயிலில் எடுத்து, இடம் குறித்துப் பத்திரப்படுத்தியிருந்த படம். 2014-ல் நடராஜர் இந்தியா திரும்பினார். எந்தப் போட்டிக்கும் போகாத படம் அது. நம் கழக உறுப்பினர்கள் இதுவரை எத்தனை கோயில்களை எடுத்திருப்பார்கள்! அவற்றில் எத்தனை படங்கள் நீதிமன்றத்தில் எழுந்து நிற்கும்?

இன்னொன்றையும் சொல்லவேண்டும். இதைச் சொல்லும்போது என் குரல் உயர்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கூவாகத்தில் தாலி அறுக்கும் காலையில், அழுகிற திருநங்கை ஒருவரைச் சுற்றிக் கேமராக்கள் எப்படி மொய்க்கின்றன என்று பார்த்திருக்கிறேன். குலசேகரப்பட்டினத்தில் தசரா வேடம் போட்டவரை வெளிச்சம் பார்த்துத் திருப்பி நிறுத்துவதையும், கடற்கரையில் காசு கொடுத்து மீனவரை மறுபடி மறுபடி வலை வீசச் சொல்வதையும் பார்த்திருக்கிறேன். அந்தப் படங்கள் எங்கெங்கோ மெடல் வாங்குகின்றன. படத்தில் இருப்பவருக்கு ஒரு பிரிண்ட் போய்ச் சேர்வதில்லை. 2004 சுனாமி நாகப்பட்டினம் கரையில் உயிர்களைக் கொண்டுபோனபோது, வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த படங்களையும் சேர்த்தே கொண்டுபோனது. இறந்துபோன தாயின் முகத்துக்கு ஒரு படம்கூட இல்லாத குடும்பங்கள் அந்தக் கரையில் உண்டு. அதே கரையில் அதற்கு முன் எத்தனை கிளப்கள் முகாம் போட்டிருக்கும்! உங்கள் தொகுப்பில் அந்தத் தாய் ‘காத்திருப்பு’ என்ற தலைப்பில் இருக்கக்கூடும். பெயர் எழுதாததால் நீங்களும் கொடுக்க முடியாது, அவர்களும் கேட்க முடியாது.

“எல்லாம் சரி, வேலைக்குப் போய்க்கொண்டே செய்கிற பொழுதுபோக்கு இது, எங்கள்மேல் இவ்வளவு பாரம் ஏற்றலாமா?” என்று கேட்பீர்கள். உங்களால்தான் முடியும் என்பதால் கேட்கிறேன். படம் எடுக்க இன்று கழகம் தேவையில்லை. எல்லார் கையிலும் கேமரா இருக்கிறது, கற்றுக்கொடுக்க யூடியூப் இருக்கிறது. தனியாக ஒருவரால் முடியாத வேலை இன்றும் ஒன்று மிச்சம் இருக்கிறது என்றால், ஓர் ஊரை முழுசாகப் பதிவு செய்வதுதான். ஒரு மாவட்டத்தின் வாரச்சந்தைகள் அத்தனையையும், ஒரு நகரத்தின் ஒற்றைத் திரை அரங்குகள் அத்தனையையும், மிஞ்சியிருக்கும் ஈய எழுத்து அச்சகங்களையும் ஒருவர் எடுத்து முடிக்க ஆயுள் போதாது. நாற்பது பேர் உள்ள கிளப் ஒரே வருஷத்தில் முடித்துவிடும்.

ஆகவே என் கோரிக்கைகள். மாதப் போட்டிகளில் ஒன்றையாவது நிறுத்திவிட்டு, அந்த நேரத்தில் ஊரைப் பங்குபோட்டுக்கொள்ளுங்கள். தெருவாரியாக, தொழில்வாரியாக, எது வசதியோ அப்படி. எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் ஊர், இடம், தேதி, படத்தில் இருப்பவர் சம்மதித்தால் அவர் பெயர் ஆகிய நான்கையும் ஃபைலுக்குள்ளேயே, தமிழிலேயே எழுதிவையுங்கள். லைட்ரூமில் அதற்கென்று இடம் இருக்கிறது. வாட்டர்மார்க் போடுகிற நேரம்கூட ஆகாது. வெளியே அனுப்பும்போது அந்தக் குறிப்பு அழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் உள்ளூர்ப் போட்டியில், இந்த நான்கும் இல்லாத படம் நடுவர் மேஜைக்கே போகாது என்று ஒரு விதி போடுங்கள். யாரை எடுத்தீர்களோ அவருக்கு ஒரு பிரிண்ட் கொடுங்கள். எழுபது வயது தாண்டிய உறுப்பினர் வீட்டுக்கு அவர் இருக்கும்போதே இருவர் போய், பீரோவைத் திறந்து, அவர் வாயாலேயே எந்தப் படம் எங்கே எடுத்தது என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். ஸ்கேன் செய்ததில் ஒரு பிரதியை மாவட்ட மைய நூலகத்துக்கோ, சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கோ கொடுக்க முடியுமா என்று பேசுங்கள். கழகத் தலைவரின் ஹார்ட் டிஸ்க் ஆவணக் காப்பகம் ஆகாது. அது ஒரு நாள் திறக்காது.

இதற்குப் பெரிய நிதி எதுவும் வேண்டாம். ஒரு வெளிநாட்டுச் சலோனுக்கு நீங்கள் கட்டும் நுழைவுக் கட்டணத்தில் சில பிரிண்டுகள் போட்டுவிடலாம். அடுத்த மாதக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதை முதல் பொருளாகச் சேர்க்கும்படி உங்கள் செயலாளரைக் கேளுங்கள். கூப்பிட்டால் நானும் வருகிறேன். பழைய படங்களில் ஊரை அடையாளம் காண என்னால் ஆனதைச் செய்கிறேன். கேமரா கிடையாது என்னிடம். நோட்டும் பேனாவும் கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
உங்கள் கண்காட்சிகளுக்குத் தவறாமல் வரும் ஒருவன்